ஒரு மலைச்சாலை யாருக்காகப் போடப்பட்டது?

வரைபடத்தில் இரண்டு சைக்கிள் வழிகள். இரண்டும் 60 கி.மீ. இரண்டிலும் மொத்த ஏற்றம் 1200 மீட்டர். இரண்டுமே காட்டுக்குள் போகிற நல்ல தார்ச்சாலைகள். முதல் வழியில் போய் வந்தவர் களைத்திருப்பார், ஆனால் மறுநாளும் கிளம்பிவிடுவார். மற்றதில் போனவர் பாதி வழியில் இறங்கி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்திருப்பார். அப்புறம் முழங்கால் வலி நாலு நாளைக்குப் போகாது.

முதல் வழியில் அந்த 1200 மீட்டரும் ஒரே நீண்ட ஏற்றமாக 20 கி.மீ. தூரத்துக்குப் பரவிக் கிடக்கிறது. சரிவு 6%. இரண்டாவதில் அதே 1200 மீட்டர் பன்னிரண்டு மேடுகளாக உடைந்து கிடக்கிறது. ஒவ்வொரு மேடும் 100 மீட்டர் உயரம், 12% சரிவு, ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான நீளம். தூரம், மொத்த ஏற்றம் என்கிற இரண்டு எண்களுக்குள் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. மலையில் ஓட்டக் கிளம்புகிற பலரும் அந்த இரண்டை மட்டும் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறார்கள்.

என்னைக் கேட்டால் முதலில் வேறு இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். இந்த மலை எப்படி உண்டானது? இதன் மேல் இந்தச் சாலையை யார், எதற்காகப் போட்டார்கள்? இவற்றுக்கு விடை தெரிந்தால், சாலை எப்படி இருக்கும் என்பதில் பாதியை வீட்டில் உட்கார்ந்தே சொல்லிவிடலாம்.

அதற்கு முன் கொஞ்சம் கணக்கு. சரிவு விழுக்காடு என்பது கிடையாக 100 மீட்டர் நகரும்போது எத்தனை மீட்டர் மேலே போகிறோம் என்பது. 10% சரிவு என்றால் கோணக் கணக்கில் 6 பாகைகூட இல்லை. தாளில் வரைந்து காட்டினால் இதற்கா இவ்வளவு அலட்டல் என்று தோன்றும். தொடைக்குத்தான் தெரியும். ஆள், சைக்கிள், தண்ணீர் எல்லாம் சேர்த்து 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஆள் தொடர்ந்து 200 வாட் உழைப்பைக் கொடுக்கிறார். நன்றாகப் பழகிய ஒருவர் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய உழைப்பு இது. சமதளத்தில் இந்த உழைப்புக்கு மணிக்கு 32, 33 கி.மீ. வேகம் வரும். 4% ஏற்றத்தில் அது 18 ஆகிவிடும். 8% ஏற்றத்தில் 10 அல்லது 11. 12% வந்தால் 7.

மணிக்கு 7 கி.மீ. என்பது ஓட்ட முடியாத வேகம் இல்லை. சிக்கல் கியரில் இருக்கிறது. முன்னால் பெடலோடு சுற்றும் வளையத்தில் 34 பல், பின்சக்கர வளையத்தில் 28 பல் என்ற அமைப்பில் பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஏறத்தாழ இரண்டரை மீட்டர் நகரும். அந்த வேகத்தில் நிமிடத்துக்கு 46 சுற்றுதான் வருகிறது. கால் வசதியாகச் சுற்றுவது 80, 90 சுற்றில். பாதிச் சுற்றில் அதே உழைப்பைக் கொடுக்க ஒவ்வொரு மிதிக்கும் ஏறக்குறைய இரண்டு மடங்கு அழுத்த வேண்டும். முழங்கால் வலி அங்கேதான் பிறக்கிறது. பின்னால் 34 பல் வளையம் போட்டால் அதே மேட்டில் 55 சுற்று கிடைக்கும். மலைக்குப் போகிறவர்கள் இலேசான சக்கரத்துக்குக் கொட்டுகிற காசை ஒரு பெரிய பின்வளையத்துக்குப் போட்டாலே போதும் என்பது என் கட்சி. டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் கியர் மாற்றும் கருவியையே 1937 வரை அனுமதிக்கவில்லை. அதுவரை ஓட்டியவர்கள் மேடு வந்தால் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி, மறுபக்கம் இருந்த பெரிய பல்வளையம் செயினில் வரும்படி மாட்டிக்கொண்டு ஏறினார்கள். அந்தக் கால வீரத்தை நாம் மெச்சலாம்; பின்பற்ற வேண்டியதில்லை.

“கஷ்டமாக இருந்தால் மெதுவாகப் போகலாமே” என்பது 6% ஏற்றத்துக்குப் பொருந்தும். மணிக்கு 8 கி.மீ. வேகத்துக்கு இறங்கினால் 115 வாட் போதும், பேசிக்கொண்டே ஏறலாம். 12% ஏற்றத்தில் இந்தச் சலுகை இல்லை. சைக்கிள் தள்ளாடாமல் நிற்க மணிக்கு 5 கி.மீ. வேகமாவது வேண்டும்; அதற்கே 135 வாட் தேவை, அதுவும் கால் நின்று நின்று சுற்றுகிற வேகத்தில். செங்குத்தான சாலையில் உழைப்பைக் குறைத்துக்கொள்ளும் உரிமை ஓட்டுபவருக்கு இல்லை. அதைச் சாலை தீர்மானிக்கிறது.

நேரக் கணக்கிலும் ஒரு வலை உண்டு. 20 கி.மீ. ஏற்றத்தை மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் ஏறி, அதே 20 கி.மீட்டரை 40 கி.மீ. வேகத்தில் இறங்கினால் சராசரி 25 என்று மனம் சொல்லும். ஏற இரண்டு மணி நேரம், இறங்க அரை மணி. இரண்டரை மணி நேரத்தில் 40 கி.மீ., அதாவது சராசரி 16. ஏற்றத்தில் போன நேரத்தை இறக்கம் திருப்பிக் கொடுப்பதில்லை. அதனால் மலையில் நேரத்தைத் தூரத்தால் அளக்காமல் உயரத்தால் அளப்பது நல்லது. மேலே சொன்ன 80 கிலோவை 200 வாட் உழைப்பில் 1000 மீட்டர் உயர்த்த ஒரு மணி ஐந்து நிமிடம் ஆகும். டயர் உராய்வு, காற்று எல்லாம் சேர்த்தால் ஒன்றேகால் மணி. சாலை 12 கி.மீ. நீளமா 16 கி.மீ. நீளமா என்பது இதைப் பெரிதாக மாற்றாது.

சரி, மலைக்கு வருவோம்.

பெல்ஜியத்தின் தென்கிழக்கில் இருக்கும் ஆர்டென் காட்டுப் பகுதியை எடுத்துக்கொள்ளலாம். அந்த நாட்டின் மிக உயர்ந்த இடமான போத்ராஞ்ச் அங்கேதான் இருக்கிறது. உயரம் 694 மீட்டர்தான். மலை என்று சொல்லவே பலருக்குக் கூச்சமாக இருக்கும். ஆனால் இதே பகுதியில் 1892இல் தொடங்கி இன்றுவரை நடக்கும் லியேஜ்–பஸ்தோன்–லியேஜ் பந்தயம், சுமார் 250 கி.மீ. தூரத்தில் 4000 மீட்டருக்கு மேல் ஏற வைக்கிறது. 700 மீட்டரைத் தொடாத ஊரில் 4000 மீட்டர் ஏற்றம் எங்கிருந்து வந்தது? ஆர்டென் மிகப் பழைய மலைத்தொடர். தேய்ந்து தேய்ந்து மேட்டுநிலமாகிவிட்டது. பிற்காலத்தில் அந்த மேட்டுநிலம் மெல்ல உயர்ந்தபோது மியூஸ், ஊர்த், அம்ப்ளேவ் ஆறுகள் அதை ஆழமாக அறுத்துக்கொண்டு ஓடின. பழைய ஊர்கள் பல ஆற்றங்கரையில் இருக்கின்றன. ஒரு பள்ளத்தாக்கிலிருந்து அடுத்ததற்குப் போக மேட்டின் மேல் ஏறித்தான் ஆக வேண்டும். ஏறிய கையோடு இறங்கியும் ஆக வேண்டும். ஆற்றின் அறுப்பு செங்குத்தானது, ஆனால் உயரம் குறைவு. அதனால் ஏற்றங்கள் ஒன்று, இரண்டு கிலோமீட்டர்தான். சரிவோ 8, 10, 12%. முதல் பத்தியில் சொன்ன இரண்டாவது வழி இந்த மாதிரி நிலத்தில்தான் கிடைக்கும்.

இப்படிப்பட்ட நிலத்தில் குளிரும் வேறு மாதிரி வேலை செய்கிறது. ஏறும்போது வியர்த்து நனைகிறோம். நனைந்த உடம்போடு உடனே 50 கி.மீ. வேகத்தில் இறங்குகிறோம். உடம்பு ஒரு நிலைக்கு வருவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். 1980இல் இந்தப் பந்தயம் பனிமழையில் நடந்தது. கிளம்பியவர்கள் 174 பேர், முடித்தவர்கள் 21 பேர். ஒன்பது நிமிடத்துக்கும் அதிகமான இடைவெளியில் வென்ற பெர்னார் இனோவுக்கு இரண்டு விரல்களில் உணர்ச்சி பழையபடி திரும்பவே இல்லை.

ரைன் ஆற்றின் இருபுறமும் உள்ள காட்டு மலைகள் முற்றிலும் வேறு ரகம். மேற்கே பிரான்சில் வோஜ், கிழக்கே ஜெர்மனியில் கருங்காடு. ஒரு காலத்தில் இரண்டும் ஒரே மேடு. நடுப்பகுதி பிளந்து கீழே அமிழ்ந்தது. அந்தப் பள்ளத்தில் இன்று ரைன் ஓடுகிறது. இரு கரையிலும் எஞ்சிய விளிம்புகள்தான் இந்த இரண்டு மலைகள். நடுவிலிருந்த பலகை உள்ளே விழுந்த மேசையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பள்ளத்தைப் பார்க்கும் பக்கம் செங்குத்து, வெளிப்பக்கம் சாய்வு. கருங்காட்டின் மேற்கு முகமும் வோஜின் கிழக்கு முகமும் மூச்சு முட்ட வைப்பது இதனால்தான். கருங்காட்டில் வால்ட்கிர்க் ஊரிலிருந்து 1241 மீட்டர் உயரமுள்ள காண்டல் மலைக்கு ஏறும் சாலை சுமார் 12 கி.மீ. தூரத்தில் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயர்கிறது. அதே காட்டை எதிர்த்திசையிலிருந்து, கிழக்கிலிருந்து அணுகினால் நிலமே கொஞ்சம் கொஞ்சமாக உங்களைத் தூக்கிக்கொண்டு வரும். ஏறினோம் என்றே தெரியாது. மலை ஒன்றுதான், முகம் இரண்டு. எந்த முகத்தில் ஏறப் போகிறோம் என்று தெரியாமல் அந்த மலை கடினமா சுலபமா என்று பேசுவதில் பொருளில்லை.

நிலம் இவ்வளவு சொல்லும். மீதியைச் சாலை போட்டவர் சொல்வார்.

மிகப் பழைய வழிகள் காலுக்காக உண்டானவை. நடக்கிறவருக்குச் செங்குத்து பெரிய தடை இல்லை. சுற்றிப் போவதுதான் எரிச்சல். அதனால் ஒற்றையடிப் பாதைகள் மலையில் நேராக ஏறும். அந்தப் பாதை பிற்காலத்தில் தார் பூசிக்கொண்டால் சைக்கிளுக்கு எமன். பெல்ஜியத்தின் உயி நகரில் இருக்கும் புகழ்பெற்ற சுவர் ஏற்றம் அப்படிப்பட்டது. 1.3 கி.மீ. நீளம், சராசரி 9.6%, ஒரு வளைவில் 20 விழுக்காட்டைத் தாண்டிவிடும். அதன் பழைய பெயரே சிற்றாலயங்களின் பாதை. மேலே இருக்கும் தேவாலயத்துக்கு நடந்து போன யாத்திரிகர்களின் வழி அது. ஓரத்தில் இன்றும் அந்தச் சின்னச் சின்ன ஆலயங்கள் நிற்கின்றன. பக்திக்கு ஏற்ற சரிவு, செயினுக்கு ஏற்றதல்ல.

குதிரை வண்டிக்காகப் போடப்பட்ட சாலை வேறு குணம். பாரம் இழுக்கும் குதிரை மூச்சு வாங்கி நின்றுவிட்டால் வண்டி பின்னால் உருளும். எனவே அந்தக் காலப் பொறியாளர்கள் சரிவு ஓர் எல்லையைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டார்கள். தாமஸ் டெல்ஃபோர்டு வேல்ஸ் மலைகளின் ஊடே தபால் வண்டிகளுக்காகப் போட்டு 1826இல் முடித்த சாலையில் சரிவு 20க்கு 1, அதாவது 5%, என்ற அளவுக்குள் நிற்கிறது. ஆல்ப்ஸில் ஸ்தெல்வியோ கணவாய்ச் சாலை 1820க்கும் 1825க்கும் இடையில் ஆஸ்திரியப் பேரரசு போட்டது. வட இத்தாலியின் லொம்பார்டியைத் தன் மற்ற நிலங்களோடு இணைக்க அவர்களுக்கு அது தேவைப்பட்டது. கார்லோ தொனெகானி என்ற பொறியாளர் 2757 மீட்டர் உயரத்துக்கு அதைக் கொண்டுபோனார். வடக்குப் பக்கத்தில் 24 கி.மீ. தூரத்தில் 1800 மீட்டர் ஏற்றம், 48 கொண்டை ஊசி வளைவுகள். படத்தில் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். சராசரிச் சரிவோ ஏழரை விழுக்காடுதான். கீழ்ப்பாதி முழுக்கக் காட்டுக்குள் வளைந்து வளைந்து போகிறது. அந்த வளைவுகளின் வேலையே உயரத்தை நீளமாக்கித் தருவதுதான்.

வரைபடத்தில் நெருக்கமாக மடிந்து கிடக்கும் வளைவுகளைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. பயப்பட வேண்டியது வளைவே இல்லாமல் உயரக்கோடுகளை (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகளை) குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் சாலைக்குத்தான். வளைவு இருக்கிறது என்றால் அங்கே யாரோ சரிவைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறார்கள். குதிரையும் சைக்கிள்காரரும் ஒரே ஜாதி. இருவருக்கும் ஆற்றல் குறைவு, நாள் நீளம். இருநூறு வருடத்துக்கு முன் குதிரைக்குப் பார்த்த இரக்கம் இன்று நம் தொடைக்குக் கிடைக்கிறது.

எஞ்சினுக்கு இந்த இரக்கம் தேவையில்லை. இருபதாம் நூற்றாண்டில் பனிச்சறுக்கு நிலையங்களுக்கும் அணைகளுக்கும் தொலைத்தொடர்புக் கோபுரங்களுக்கும் போட்ட சாலைகளில் 10, 12 விழுக்காட்டுச் சரிவு சர்வசாதாரணம். வோஜ் மலையில் லா பிளாஞ்ச் தெ பெல் ஃபியி என்ற சிறிய பனிச்சறுக்கு மேட்டுக்கு ஏறும் 5.9 கி.மீ. சாலை சராசரி 8.5%. அதன் கடைசி நறுக்கு 20%. டூர் டி பிரான்ஸ் அதை 2012இல்தான் முதல்முறை தொட்டது. 2019இல் இன்னும் மேலே சரளைப் பாதையில் 24% வரை கொண்டுபோனது. அதே வோஜில் 1905லேயே அந்தப் பந்தயம் ஏறிய பலோன் தல்சாஸ் சாலை பழைய கணவாய்ச் சாலை, சரிவு 7 விழுக்காட்டை ஒட்டியது. ரெனே பொத்தியே அன்று முதல் ஆளாக உச்சிக்குப் போனார். இரண்டும் அருகருகே இருக்கும் ஏற்றங்கள்தான், ஆனால் ஒன்று வண்டிக் காலத்தது, மற்றது கார் காலத்தது. இரண்டிலும் ஏறினால் காலே இந்த வரலாற்றைச் சொல்லிவிடும்.

படைகளுக்காகப் போட்ட சாலைகளில் எனக்குப் பிடித்தது வோஜ் முகட்டுச் சாலை. முதல் உலகப் போரின்போது பிரெஞ்சு ராணுவம் தன் போர்முனைக்குச் சரக்கு கொண்டுபோகப் போட்டது. ஜெர்மன் படைகள் கிழக்கே இருந்தன. அவர்கள் கண்ணில் படக்கூடாது. அதனால் சாலை முகட்டின் உச்சியில் போகாமல் பெரும்பாலும் மேற்குப் பக்கமாக, சற்றுக் கீழே ஒளிந்துகொண்டு போகிறது. இன்று அதில் ஓட்டுகிறவருக்கு இதன் விளைவு நேரடியானது. ஒருமுறை மேலே ஏறிவிட்டால் 1100, 1200 மீட்டர் உயரத்திலேயே பல கிலோமீட்டர் காடும் புல்வெளியுமாகப் போய்க்கொண்டே இருக்கலாம், 1424 மீட்டர் உயரமான கிராண் பலோன் வரைக்கும். அந்த ஒளிவிடத்துக்கு ஒரு விலை உண்டு. மேகமும் மழையும் மேற்கிலிருந்துதான் வருகின்றன. மலை அந்த மழையைப் பிடித்துக்கொள்வதால் கிழக்கே அடிவாரத்தில் உள்ள கோல்மார் பிரான்சின் மிக வறண்ட ஊர்களில் ஒன்று. அங்கே வெயிலில் கிளம்பி மேலே மூடுபனிக்குள் நுழைவது வழக்கமான சங்கதி.

பார்ப்பதற்காகவே போட்ட சாலைகளும் உண்டு. அமெரிக்காவின் அப்பலேச்சியக் காடுகளில் ஓடும் புளூ ரிட்ஜ் பார்க்வே 755 கி.மீ. நீளம். 1935இல் வேலை தொடங்கியது. கடைசித் துண்டு 1987இல்தான் முடிந்தது. வணிக லாரிகளுக்கு அனுமதி இல்லை, வேக எல்லை பெரும்பாலும் மணிக்கு 72 கி.மீ. சைக்கிளுக்குச் சொர்க்கம் போலத் தோன்றும், ஏறக்குறைய உண்மையும்தான். ஆனால் காரில் போகிறவருக்குக் காட்சி மாறிக்கொண்டே இருக்க வேண்டும் என்று வடிவமைத்த சாலை முகட்டின் முதுகெலும்பைத் தடவிக்கொண்டே போகிறது: ஏற்றம், இறக்கம், மறுபடி ஏற்றம். எதுவும் கொடூரமில்லை, எதுவும் சமதளமும் இல்லை. சாலையோரத்தில் ஊர் கிடையாது. தண்ணீர் தீர்ந்தால் முகட்டிலிருந்து பள்ளத்தாக்குக்கு இறங்கி, வாங்கிக்கொண்டு மறுபடி ஏற வேண்டும். வழியில் 26 சுரங்கப்பாதைகள் வேறு, எனவே பகலிலும் விளக்கு வேண்டும்.

மரம் வெட்டுபவர்கள் போட்ட சாலைகளைப் பற்றிச் சொல்ல ஒன்றே ஒன்றுதான். அவை ஊரை ஊரோடு இணைப்பதற்காகப் போடப்பட்டவை அல்ல. வெட்டிய மரத்தைக் கீழே கொண்டுவரப் போடப்பட்டவை. காட்டுக்குள் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும், திடீரென்று கட்டைகளை அடுக்கும் ஒரு திடலில் முடிந்துவிடும். வழிகாட்டிச் செயலி குறுக்குவழி என்று காட்டுவது சில சமயம் இதைத்தான்.

காடு தன் பங்குக்குச் செய்வது வேறு. பிரான்சின் தெற்கில் உள்ள வான்தூ மலையை நினைத்தால் எல்லாருக்கும் நினைவு வருவது மொட்டை வெள்ளைப் பாறை உச்சிதான். 1900 மீட்டருக்கு மேல், மரம் செடி எதுவும் இல்லாமல் காற்றில் வெந்து கிடக்கும். பெதுவாங் ஊரிலிருந்து ஏறுகிறவரின் காலை உடைப்பது அந்த உச்சி இல்லை. முதல் ஐந்தாறு கி.மீ. திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே சாதுவாகப் போகும் சாலை, செயின்ட் எஸ்தேவ் வளைவில் காட்டுக்குள் நுழைகிறது. அங்கிருந்து ஷாலே ரெனார் வரை ஒன்பது கி.மீட்டருக்கு மேல், 9 விழுக்காட்டை ஒட்டி, ஓய்வே கொடுக்காமல் ஏறுகிறது. மொட்டைப் பாறைக்கு வெளியே வரும்போது பலருக்குக் கையிருப்பு காலி. இத்தனைக்கும் அந்தக் காட்டில் பெரும்பகுதி மனிதர் வைத்தது. கப்பல் கட்ட நூற்றாண்டுகளாக வெட்டி மொட்டையாக்கிய மலையில் 19ஆம் நூற்றாண்டில் மறுபடி மரம் நட்டார்கள்.

திறந்த வெளியில் இதே சரிவு இவ்வளவு வலிக்காது என்று அடித்துச் சொல்வேன். காட்டுக்குள் முன்னே எதுவும் தெரிவதில்லை. இன்னும் எவ்வளவு என்று கண்ணால் அளக்க முடியாது. காற்றும் கிடையாது. மணிக்கு 9 கி.மீ. வேகத்தில் நாமே உண்டாக்கும் காற்று வியர்வையை உலர்த்தப் போதாது. அதனால் நிழலில்தான் போகிறோம் என்றாலும் கோடையில் உடம்பு கொதிக்கும். கூடவே கண் செய்யும் ஏமாற்று. அடிவானம் தெரியாத இடத்தில் எது சமம் என்று கண்ணுக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த சாலையையே அது சமம் என்று எடுத்துக்கொள்கிறது. 9% ஏறிப் பழகிய கண்ணுக்கு அடுத்து வரும் 4% இறக்கம் போலத் தோன்றும். இறக்கம்தானே என்று கனமான கியருக்கு மாற்றுவார்கள்; சைக்கிள் நகராது; பிரேக் உரசுகிறதோ என்று குனிந்து பார்ப்பார்கள். நானும் குனிந்து பார்த்திருக்கிறேன். இந்தக் கண்மயக்கம் காட்டுச் சாலையில் அதிகம்.

தார் மேற்பரப்பும் காட்டில் வேறு. ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் சராசரியாக 6.5 பாகை குளிர்கிறது. நிழல் அதன் மேல் சேர்ந்தால், அடிவாரத்தில் சாலை காய்ந்து மணிக்கணக்கான பிறகும் மேலே ஈரம் இருக்கும். வடக்குப் பார்த்த வளைவுகளில் பாசி, இலையுதிர் காலத்தில் அழுகிய இலை, ஊசியிலைக் காட்டில் மெத்தை போல ஊசிச் சருகு. வேர்கள் ஓரத்துத் தாரைத் தூக்கிவிடும். வெயிலும் நிழலும் புள்ளி புள்ளியாக விழும் இடத்தில் பள்ளமும் ஒரு நிழல் போலவே தெரியும். கறுப்புக் கண்ணாடி போட்டால் இன்னும் மோசம். விடியலிலும் அந்தியிலும் மான்கள் சாலையைக் கடக்கும், அதுவும் ஒன்று போனால் பின்னால் இன்னொன்று வரும்.

இவ்வளவும் தெரிந்துகொண்டு இணையத்தில் வழியைத் திட்டமிட உட்கார்ந்தால், அங்கே வேறு ஒரு குழப்பம் காத்திருக்கிறது. பல இலவச உயரத் தரவுகளுக்கு அடிப்படை 2000 பிப்ரவரியில் ஒரு விண்வெளி ஓடத்திலிருந்து ரேடார் வைத்து எடுத்த அளவீடு. கட்டத்துக்குக் கட்டம் சுமார் 30 மீட்டர். ரேடார் அடர்ந்த காட்டில் தரையை முழுதாகத் தொடுவதில்லை. மரத் தலைப்பின் உயரமும் அதில் கலந்துவிடும். மரம் இருக்கும் இடமும் வெட்டிய இடமும் மாறி மாறி வந்தால், சாலையில் இல்லாத மேடுபள்ளங்கள் தரவில் வந்துவிடும். செங்குத்தான பள்ளத்தாக்கின் ஓரமாகப் போகும் சாலையில் இன்னொரு கோளாறு. வரைபடக் கோடு பத்து இருபது மீட்டர் தள்ளியிருந்தால் செயலி எடுப்பது சாலையின் உயரத்தை அல்ல, பக்கத்து மலைச்சரிவின் உயரத்தை. ஆற்றோரச் சமச்சாலையில் 25% ஏற்றம் என்று காட்டும். சுரங்கப்பாதையை மலையுச்சியாகவும் பாலத்தைப் பள்ளமாகவும் காட்டுவதும் இதே கதை. இப்போது சில நாடுகளில் லேசர் அளவீடு வந்துவிட்டது, அது இலைகளுக்கு நடுவே தரையைத் தொட்டுவிடுகிறது. அந்தத் தரவு இருக்கும் இடங்களில் நிலைமை எவ்வளவோ மேல். மற்ற இடங்களில் ஒரு கூர்மையான முள் மாதிரிச் சரிவு தெரிந்தால், செயற்கைக்கோள் படத்தில் அந்த இடத்தில் சுரங்கமோ பாலமோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பயப்படலாம்.

சராசரிச் சரிவையும் நம்பாதீர்கள். 10 கி.மீ., 5% என்று எழுதியிருக்கும். நடுவில் 4 கி.மீ. சமதளம் இருந்தால் மீதி 6 கி.மீ. 8 விழுக்காட்டுக்கு மேல். கிலோமீட்டர் வாரியான சரிவைப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

இறக்கத்துக்கு வந்தால் கணக்கு தலைகீழாகிறது. 80 கிலோ எடை 500 மீட்டர் இறங்கும்போது ஏறக்குறைய 390 கிலோஜூல் ஆற்றல் வெளிவருகிறது. அது காற்றில் கரைய வேண்டும், இல்லையென்றால் பிரேக்கில் வெப்பமாக வேண்டும். 8% இறக்கத்தில் பிரேக்கே தொடாமல் விட்டால் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் காற்று நம்மை நிறுத்திவைக்கும். அதற்கு மேல் பெரிதாக ஏறாது. பயந்து வழி முழுக்க இலேசாகப் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வருகிறவர்கள் அந்த ஆற்றலில் பெரும்பங்கை ரிம்மில் இறக்குகிறார்கள். ரிம்மைப் பிடிக்கும் பிரேக் என்றால் டியூப் வெடிக்கும் அளவுக்கு அது சூடாகலாம். நேரான இடத்தில் ஓட விட்டு, வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தமாகப் பிடித்து, வளைவுக்குள் விட்டுவிடுவது நல்லது. இடைவெளியில் ரிம் ஆறும். கொண்டை ஊசி வளைவின் உட்புறம் வெளிப்புறத்தைவிடச் செங்குத்தானது, ஏறுகிற உயரம் அதேதான், தூரம் குறைவு. மழை அடித்துக்கொண்டுவந்த சரளையும் அங்கேதான் சேரும். ஏறுகிறவரும் வெளிப்பக்கத்துக்கு ஆசைப்படலாம்தான். தன் வழித்தடத்தைத் தாண்டாமல், எதிரே வண்டி இல்லை என்று தெரிந்தால் மட்டும்.

வளையமாகச் சுற்றி வரும் வழி என்றால் திசையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்கு இருக்கிறது. பலர் அதைப் பயன்படுத்துவதே இல்லை. செங்குத்தான, கரடுமுரடான முகத்தில் ஏறி, அகலமான வண்டிக்காலச் சாலையில் இறங்குவது பொதுவாகப் பாதுகாப்பானது. மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் போகும்போது பாசியும் பள்ளமும் ஒன்றும் செய்யாது. ஆனால் கியர் போதாதவர்களுக்கும், கனமான பைகளை ஏற்றிக்கொண்டு போகிறவர்களுக்கும் இது எதிர்மாறு. அவர்கள் நீளமான பக்கத்தில் ஏறிவிட்டு, செங்குத்தில் நிதானமாக, தேவைப்பட்டால் நின்று நின்று இறங்குவதுதான் வழி. காலையில் கிளம்புகிறவர் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும்: மதியத்துக்குள் எந்தச் சரிவில் வெயில் விழுந்திருக்கும்? கிழக்கு முகம் முதலில் காய்கிறது. வடக்கு முகத்தில் இறங்க வேண்டியிருந்தால், அதை நாளின் கடைசிக்குத் தள்ளிவைத்து, மேலே ஏறும்போது கழற்றிய மேல்சட்டையை உச்சியில் நின்று மறக்காமல் போட்டுக்கொண்டு இறங்க வேண்டும்.